சாவு இல்லாத தெரு

எங்கள் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் விரிப்பின் நுனிகளைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, கைக்குக் கை மாற்றி, மறுபடி பின்னால் போக வேண்டும். பர்னி ஊரின் மோட்டல்களும் முதியோர் இல்லங்களும் அழுக்காக்குவதையெல்லாம் வெளுத்துக் கொடுப்பது நாங்கள்தான். அந்த வேலையில் வருடக்கணக்காக என் எதிரே நின்றவள் ரெய்லீன். என் புருஷன் முகத்தைப் பார்த்ததைவிட அவள் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்கிறவர்கள் வந்து ஒரு நாள் விரிப்பு மடிக்கட்டும், அப்புறம் பேசலாம்.

ரெய்லீன் பக்கத்து ஊர் வின்யார்டில் பிறந்தவள். அப்பா காகித ஆலையில் வேலை பார்த்தார். ஆலையை மூடியதும் அவரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. ரெய்லீன் கட்டிக்கொண்ட ட்ரெவர், குவீன்ஸ்லாந்து சுரங்கத்தில் ஆறு மாதம் சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று போனான். அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் ஒழுங்காக அனுப்பினான். ஒரே மகள் ஷெனே பெர்த்தில் இருக்கிறாள். நாட்டின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு யார் வந்து பார்ப்பார்கள்? அவளும் வருவதில்லை. ரெய்லீன் இருந்ததெல்லாம் வாடகை வீடு. வீட்டுக்காரன் விற்கப்போகிறேன் என்பான், இவள் பெட்டி கட்டுவாள். அவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அலுத்துக்கொள்ள அவளுக்கு வேறு இடம் இருந்தது.

அந்த இடத்தின் பெயர் பிளம் லேன். கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டம். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஜெயிப்பது தோற்பது ஒன்றும் கிடையாது. ஒரு தெரு இருக்கும். அதில் வீடு கட்டி ஆட்களைக் குடிவைக்க வேண்டும். அவர்கள் சமைப்பார்கள், கருக விடுவார்கள், வேலைக்குப் போவார்கள், பக்கத்து வீட்டுக்காரனோடு முறைத்துக்கொள்வார்கள், கல்யாணம் கட்டிப் பிள்ளை பெறுவார்கள், கிழடு தட்டிச் சாவார்கள். செத்தவர்களுக்கு வீட்டுக் கொல்லையில் ஒரு கல் முளைக்கும். பிள்ளைகள் தெருவைத் தொடர்ந்து நடத்துவார்கள். நமக்கு மேலேயிருந்து கடவுள் வேலை.

"இதுல என்னடி இருக்கு? நிஜத்துல பாக்குற கூத்துதானே" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நிஜத்துல எதுவும் நம்ம கையில இல்ல நோரீன். அங்க பாதி நம்ம கையில இருக்கு" என்றாள்.

பாதிதான், முழுசு இல்லை. அந்த மறு பாதிதான் அவளுக்கு ருசி. அடுப்பு எப்போது பற்றிக்கொள்ளும், எந்தப் பிள்ளை அப்பன் மூக்கோடு பிறக்கும் என்று அவளுக்கே தெரியாது.

இதற்கென்று எங்கள் கடற்கரைப் பக்கம் ஒரு கூட்டமே இருந்தது. மாதம் ஒரு வியாழக்கிழமை, பௌலிங் கிளப்பின் பின்னறையில் கூடுவார்கள். ரெய்லீன் விடாப்பிடியாக என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் ஆட்டத்தில் ஒரு மேஜைக்குக்கூட நேராகக் கால் வைக்கத் தெரியாதவள். தேநீர் போடுவதற்காகவாவது என்னை வைத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கெரியான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், குரலும் பஸ் ஹாரன் மாதிரிதான். டெஸ் என்று ஒரு ரயில்வே பென்ஷன்காரர். இன்னும் நாலைந்து பேர்.

மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டில் அவரவர் தெருவை ஆடுவார்கள். இவர்களிடம் ஒரு விசித்திரப் பழக்கம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தெரு. அது ஒரு பென்டிரைவில் இருக்கும். இந்த மாதம் கெரியான் வீட்டில், அடுத்த மாதம் டெஸ் வீட்டில், அதற்கடுத்து ரெய்லீன் வீட்டில் என்று சுற்றி வரும். தெருவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வம்சம். ஆனால் உங்கள் வம்சத்தை வருடத்தில் பெரும்பாலும் மற்றவர்கள்தான் வளர்ப்பார்கள். உங்கள் முறையின்போது மற்றவர்கள் வம்சத்துக்கும் நீங்கள் சோறு போட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். உங்கள் கையில் பென்டிரைவ் இருக்கும்போது யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், அந்த வீட்டுக்காரரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்லக் கூடாது. அடுத்த வியாழக்கிழமை சாசேஜ் ரோல் கொண்டுவந்து வைக்க வேண்டும். செத்தவரைப் பற்றி ஆளுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும். முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். கெரியான் என்னைப் பார்த்த பார்வையில் சாசேஜ் ரோல் தொண்டையில் நின்றது.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆட்டத்தில் வயதை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது. டெஸ் ஒரு முறை தொட்டுவிட்டார். தெருவில் தபால்காரி ஒருத்தியின் மேல் அவருக்குக் கொஞ்சம் மையல். தன் முறை வந்தபோது அவளுக்கு மட்டும் வயதை நிறுத்தி வைத்தார், அது அப்படியே நின்றுவிட்டது. பேரனைவிடப் பாட்டி இளமையாக இருப்பதைக் கண்டுபிடித்தது ரெய்லீன்தான்.

"என்ன டெஸ், தபால்காரம்மா தினமும் என்ன கிரீம் பூசறாங்க? எனக்கும் சொல்லுங்களேன்" என்றாள்.

கிழவர் காது வரை சிவந்தார். அந்த வருடம் முழுக்க அவர்தான் கேக் வாங்கி வந்தார்.

இப்படி ஏழு தலைமுறை ஓடியிருந்தது. ரெய்லீனுக்கு உலகத்தில் வேறு கூட்டம் இல்லை. பிறந்த நாளுக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் அவர்கள்தான். வீடு மாற்றும்போது சோபாவைத் தூக்கியவர்களும் அவர்கள்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் இழந்தது இதைத்தான். ஆட்டம் போனது அப்புறம்.

ஆட்டத்தைச் செய்து விற்கும் கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது. வருடக்கணக்காகச் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் பிளம் லேன் வரிசையில் ஐந்தாவது ஆட்டம் வருகிறது என்று அறிவித்தார்கள். அரை நிமிடப் படம் ஒன்று விட்டார்கள். பெயர் 'பிளம் லேன் ஃபாரெவர்', அதாவது என்றென்றும் பிளம் லேன். தெருவையே காணோம். பெரிய சதுக்கம், வண்ண விளக்குகள், எல்லோரும் இருபத்தைந்து வயசுக்காரர்கள், ஆடுகிறார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில், கண் சிமிட்டுவதற்குள், ஒரு குழந்தைத் தள்ளுவண்டி போகும்.

அந்தத் தள்ளுவண்டியை நம்பியே எங்கள் கூட்டம் ஒரு மாதம் உயிர் வாழ்ந்தது. டெஸ் அதை நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினார்.

"சக்கரத்த பாருங்க. பழைய மாடல் வண்டி. குழந்தை இருக்குன்னா வளரும். வளரும்னா வயசாகும். வயசாகும்னா சாவும் இருக்கு. கவலைப்படாதீங்க" என்றார்.

"சாவு இருக்குன்னு இவ்வளவு சந்தோஷப்படற ஆளுங்கள நான் பாத்ததே இல்ல" என்றேன்.

"உனக்கு எங்க புரியப்போகுது. நீ போய் கெட்டில வை" என்றாள் கெரியான்.

அப்போதுதான் ரெய்லீனுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. நெடுங்காலமாக ஆடுகிறவர்களைக் கூப்பிட்டு மெல்போர்னில் கருத்துக் கேட்கிறார்களாம். எங்கள் தீவிலிருந்து அங்கே போகக் கப்பல் டிக்கெட்டும் அவர்களே எடுத்தார்கள். எங்கள் கூட்டத்தைப் பற்றி அவள் எப்போதோ இணையத்தில் எழுதியது யார் கண்ணிலோ பட்டிருக்கிறது. வியாழக்கிழமை பின்னறையில் ஒரே ஆரவாரம். ஆளுக்கொரு கோரிக்கை சொன்னார்கள். குதிரை வேண்டும், மாடிப்படி வளைய வேண்டும், கொசு வேண்டாம். கெரியான் மேஜையைத் தட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேளுடி. வயசாகணும், சாகணும். அது இருந்தா மத்ததெல்லாம் இருக்கும். எங்க எல்லாருக்கும் சேத்துப் பேசிட்டு வா."

"பேசாம வருவேனா?" என்றாள் ரெய்லீன். அவள் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஒரு கம்பெனி நம்மை டிக்கெட் எடுத்துக் கூப்பிடுகிறதென்றால் நம் பேச்சைக் கேட்கவா கூப்பிடும்? ஆனால் நல்ல நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது என் குணம்.

மெல்போர்னில் நடந்ததை அவள் விரிப்பு மடித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தார்களாம். எனக்கு மட்டும் சொன்னாள், நான் கணக்கில் வராதவள் என்பதால்.

நல்ல சோபா, தட்டு நிறைய சாண்ட்விச், பிரெஸ்டன் என்று குல்லாய் போட்ட ஒரு பையன். இரண்டு பக்கமும் காமிரா. எதற்கு என்று கேட்டிருக்கிறாள். எங்கள் நினைவுக்காக என்றிருக்கிறான். பிறகு ஆட்டத்தைப் போட்டுக் காட்டினான். அதில் யாரும் வளர்வதில்லை. பிள்ளை பிறப்பதில்லை. எல்லோரும் சதுக்கத்தில் நிற்பார்கள், ஊர்பேர் தெரியாதவர்களோடு கை ஆட்டுவார்கள், கடையில் நாற்காலி வாங்குவார்கள். அந்த நாற்காலிக்கு நாம் நிஜப் பணம் கட்ட வேண்டும்.

"தள்ளுவண்டி?" என்று கேட்டேன்.

"நாய்க்குத்தான் நோரீன். நாய உக்காத்தி வெச்சுத் தள்ளறாங்க. தொப்பி போட்ட நாய். அது வண்டியோட போய் நீரூற்றுல விழுந்திச்சு பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சுட்டேன். அப்புறம்தான் ஐயோ, குழந்தை இல்லையான்னு உறைச்சுது."

அதன் பிறகு அவள் கேட்டிருக்கிறாள். சாவு ஏன் இல்லை? பிரெஸ்டன் பொறுமையாகச் சொல்லியிருக்கிறான், செத்தால் ஆடுகிறவர்கள் வருத்தப்படுகிறார்கள், வருத்தப்பட்டால் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள், எங்கள் கணக்கு அப்படித்தான் காட்டுகிறது என்று.

"நான் சொன்னேன், வருத்தப்பட்டாதானே தம்பி மறுநாள் திரும்ப வருவோம்? செத்தவ வீட்ல மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாக்க வர மாட்டோமா? இது என் வாழ்க்கை. இதுலேருந்து சாவ எடுத்துட்டு நாற்காலி விக்கறீங்களே, வெட்கமா இல்லையான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"தலைய ஆட்டினான். ரொம்ப முக்கியமான கருத்துன்னான். எழுதிக்கிட்டான். மாத்துவாங்கன்னு தோணுதுடி. முகத்த பாத்தாலே தெரியும், நல்ல பையன்."

அந்த வியாழக்கிழமை கூட்டத்தில் அவள் வாக்குக் கொடுத்தபடி விவரம் எதையும் சொல்லவில்லை. "கேட்டேன். காதுல போட்டுக்கிட்டாங்க. கொஞ்சம் பொறுங்க, என்ன நம்புங்க" என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் நிஜமாகவே நம்பினாள். பாவி, அப்படி நம்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

குளிர் தொடங்கியபோது பெரிய விளம்பரம் வந்தது. இரண்டு நிமிடப் படம். பின்னறையில் டெஸ் சுவரில் திரை கட்டி எல்லோருக்கும் சேர்த்துப் போட்டார். சதுக்கம், விளக்கு, நடனம். நடுவில் நிஜ மனுஷியின் முகம் வந்தது. சோபாவில் ரெய்லீன். ஒழுங்கில்லாத நெற்றி முடி, லாண்டரி வெப்பத்தில் எப்போதும் சிவந்திருக்கும் கன்னம். 'இது என் வாழ்க்கை' என்கிறாள். அடுத்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே எழுத்து ஓடுகிறது: 'நீண்டநாள் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள்.' அடுத்த காட்சியில் தள்ளுவண்டியில் தொப்பி போட்ட நாய்.

டெஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "நல்லா சிரிக்கிறியேம்மா."

"வெட்டிட்டாங்க" என்றாள் ரெய்லீன். "நான் முழுசா சொன்னது வேற. இது என் வாழ்க்கை, இதுலேருந்து சாவ எடுத்துட்டீங்களேன்னு திட்டினேன். சிரிச்சது அதுக்கு முன்னாடி, நாய பாத்து."

"எவ்வளவு குடுத்தாங்க?" என்றாள் கெரியான்.

"சாண்ட்விச் குடுத்தாங்க."

"கிண்டலா?"

"இல்ல கெரி. நிஜமாவே அதான் குடுத்தாங்க."

"சாவு இல்லன்னு உனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிருந்தும் எங்கள பொறுங்க பொறுங்கன்னு உக்கார வெச்ச. எங்களுக்காகப் பேசிட்டு வான்னு அனுப்பினோம். உன் வாயால அவங்களுக்குப் பேசிட்டு வந்திருக்க."

ரெய்லீன் என்னைப் பார்த்தாள். அவ நிஜமாத்தான் திட்டினா, என்கிட்ட அன்னிக்கே சொன்னா என்று நான் எழுந்து சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. தேநீர் போடுகிறவள் சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

அன்றைக்குப் பென்டிரைவ் ரெய்லீன் கைக்கு வர வேண்டிய முறை. கெரியான் அதை எடுத்துத் தன் பையில் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அந்த ஜிப் சத்தத்தோடு கூட்டம் கலைந்தது.

வெளியூர்க்காரர்கள் இன்னும் மோசம். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவளை விலைபோனவள் என்றார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ, எந்தெந்த மொழியிலோ ஏசினார்கள். அவள் நடந்ததை எழுதினாள். பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்கிற கதைதான் என்று பதில் வந்தது. பிரெஸ்டனுக்கு எழுதினாள், என் பேச்சை முழுசாகப் போடுங்கள் என்று. உங்கள் சிரிப்பு லட்சக்கணக்கானவர்களின் மனதைத் தொட்டிருக்கிறது, நன்றி என்று பதில் வந்தது. நல்ல பையனாம். என் கையில் கிடைத்தால் அந்தக் குல்லாயை எங்கள் சலவை இயந்திரத்தில் போட்டு, தலையோடு சேர்த்துச் சுற்ற விடுவேன்.

ரெய்லீனிடம் தெருவின் பழைய நகல் ஒன்று இருந்தது. அவளுடைய கடைசி முறையின்போது லேப்டாப்பில் தங்கிவிட்டது. அதைத் தனியாக ஆடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஹீட்டர் போடாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யார் வீட்ட ஆடற?" என்று கேட்டேன்.

"எல்லார் வீட்டையும்தான். நான் பாக்கலன்னா பட்டினி கெடப்பாங்களே. டெஸ் வீட்டுப் பொண்ணுக்கு இப்பதான் ரெட்டப் பிள்ள. கெரியான் வீட்டு எடித் இருக்காளே, ரொம்ப கிழமாயிட்டா. இந்த வாரமோ அடுத்த வாரமோன்னு இருக்கா. அவள மாடி ஏற விடாம பாத்துக்கிட்டு இருக்கேன்."

எடித் என்பவள் கெரியானின் செல்லம். தெருவிலேயே வாயாடி. அவளுக்குப் பல் முளைத்த கதையை ஒரு வியாழக்கிழமை முழுக்க கெரியான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தன்னைத் துரத்தியவளின் கிழவிக்கு இவள் கம்பளி போர்த்தாத குறையாகப் பணிவிடை செய்துகொண்டிருந்தாள்.

"உனக்குப் பைத்தியமாடி?" என்றேன்.

"அது கெரியானுக்குச் செய்யறது இல்ல. எடித்துக்குச் செய்யறது" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? எனக்கு அழுகை வந்தது. தேநீர் போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போய்விட்டேன்.

புதிய ஆட்டம் வசந்தத்தில் வந்தது. வாங்க மாட்டோம் என்று உலகம் முழுக்கச் சபதம் போட்டிருந்தார்கள். எங்கள் பின்னறையில் எல்லோரும் எழுந்து நின்று சொன்ன சபதம் அது. முதலில் டெஸ், சும்மா எட்டிப் பார்க்க வாங்கினார். எதிரி என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டாமா என்றாராம். அடுத்து கெரியான், டெஸ்ஸைத் திட்டுவதற்காகவே உள்ளே போனாள். போனவள் திரும்பவில்லை. பிறகு ஒருத்தர் பாக்கியில்லை. வியாழக்கிழமை கூட்டம் நின்றுபோனது. சதுக்கத்திலேயே தினமும் பார்த்துக்கொள்கிறார்களே, பௌலிங் கிளப்புக்கு எதற்கு வாடகை? பென்டிரைவ் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். டெஸ் கெரியானிடம் என்றார், கெரியான் டெஸ்ஸிடம் என்றாள்.

வாங்காமல் இருந்தவள் ஒருத்திதான். விலைபோனவள் என்று பேர் எடுத்தவள்.

என் தங்கை மகள் ஒரு நாள் போனை நீட்டினாள். "பெரியம்மா, இது உங்க ஃப்ரெண்டு மாதிரி இல்ல?"

சதுக்கத்தின் மூலையில் நாற்காலிக் கடை. கடை வாசலில் ஒரு பெண். இருபத்தைந்து வயது. ஒழுங்கில்லாத நெற்றி முடி, சிவந்த கன்னம். பெயர்ப் பலகையில் 'ரே' என்று எழுதியிருந்தது. தொட்டால் கையை ஆட்டி, அதே சிரிப்பு சிரித்து, 'இது என் வாழ்க்கை!' என்றாள். குரலும் ரெய்லீனுடையதுதான். ரசிகர்களுக்குக் காட்டும் மரியாதையாம், ஆட்டத்தில் எழுதியே போட்டிருந்தார்கள்.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் விழுங்கினேன். மூன்றாம் நாள் விரிப்பின் நுனியைக் கைமாற்றும்போது சொல்லிவிட்டேன். அவள் விரிப்பை விடவில்லை.

"அவளுக்கு வயசாகுமா?" என்று கேட்டாள்.

"ஆகாது."

"கட மூடினா?"

"மூடவே மாட்டாங்களாம்."

"பாவம்" என்றாள். அடுத்த விரிப்புக்குக் கையை நீட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை, கடலோரக் கார் நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் காரில் உட்கார்ந்து மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தோம். கெரியான் நாயோடு நடந்து வந்தாள். நான் கண்ணாடியை ஏற்றப் போனேன். ரெய்லீன் அதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"கெரி, ஒரு நிமிஷம்."

கெரியான் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்ததும் ரெய்லீன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன். எடித் போயிட்டா. புதன்கிழமை. கஷ்டப்படல, தோட்டத்துல உக்காந்தபடியே போனா. பிள்ளைங்க எல்லாம் பக்கத்துல இருந்தாங்க."

"எந்த எடித்?" என்றாள் கெரியான்.

காற்று பலமாக அடித்தது. ரெய்லீனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் கேட்டுவிட்டது.

"நம்ம தெரு எடித். உன் எடித்."

"ஓ! அந்தத் தெருவா! இன்னுமா அத ஆடற?" கெரியான் சிரித்தாள். நல்ல மனதோடுதான் சிரித்தாள், அதைச் சொல்ல வேண்டும். "நல்ல கூத்துடி அது. அப்பல்லாம் நமக்கு எவ்வளவு நேரம் இருந்திச்சு."

"கெரி, அன்னிக்கு அந்த விளம்பரத்துல..."

"அதெல்லாம் எதுக்கு இப்போ? அதான் முடிஞ்சு போச்சே. நான்தான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேனே."

"எப்ப கேட்ட?"

"கடையில. போன மாசம். நாற்காலி வாங்கப் போனேன். உன்ன பாத்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எல்லார் முன்னாடியும் நின்னு, அவசரப்பட்டுப் பேசிட்டேன் ரெய்லீன், மன்னிச்சுடுன்னு டைப் பண்ணேன். டெஸ் கூடப் பக்கத்துல இருந்தாரு, கேட்டுப் பாரு. நீ சிரிச்ச. கைய ஆட்டின."

"அது நான் இல்ல கெரி."

"தெரியும்டி, எனக்குத் தெரியாதா? அது கம்ப்யூட்டர். ஆனா சொன்னதும் என் மனசு எவ்வளவு லேசாயிடுச்சு தெரியுமா? அன்னிலேருந்து நல்லா தூக்கம் வருது."

நாய் கயிற்றை இழுத்தது. கெரியான் வரட்டுமா என்று சொல்லி இரண்டு அடி போனாள். நான் காரிலிருந்து இறங்கிவிட்டேன், அவளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று. ரெய்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் எண்ணெய் பிசுபிசுத்த கை.

"கெரி" என்று கூப்பிட்டாள். "நீ மன்னிப்புக் கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்?"

கெரியான் நின்று திரும்பினாள்.

"என்ன சொல்லுவ, எப்பவும் சொல்றதுதான். இது என் வாழ்க்கைன்னு சொன்ன. அப்புறம், நாலு நாற்காலி வாங்கினா ஒண்ணு இலவசம்னும் சொன்ன."

"வாங்கினியா?"

"வாங்கினேன்" என்றாள் கெரியான்.